மார்த்தாண்டத்தில் ஏற்றி ஹைதராபாத்தில் இறக்க: வெளிமாநில லாரிப் பயணத்தை முறைப்படி திட்டமிடுவது எப்படி?

முதல் லாரி வாங்கியவர்கள் முதலில் கேட்பது டீசல் எவ்வளவு, டோல் எவ்வளவு, வாடகையில் மிச்சம் எவ்வளவு என்பதைத்தான். அந்தக் கணக்கும் வேண்டும். ஆனால் வெளிமாநில லோடு ஒன்று நஷ்டத்தில் முடிவது பெரும்பாலும் டீசலால் அல்ல. வழியில் வண்டி நின்றுபோவதால்தான். எடை கூடியிருக்கும், ஒரு காகிதம் காலாவதியாகியிருக்கும், சரக்குக்கான ஜி.எஸ்.டி. பயணச்சீட்டான இ-வே பில்லில் தேதி தாண்டியிருக்கும். இவை மூன்றுமே வண்டி நம் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே தீர்மானமாகிவிடுகிற விஷயங்கள். அதனால் திட்டம் போடுவது லோடு ஏற்றுவதற்கு முந்தைய நாளில் தொடங்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு லோடை எடுத்துக்கொள்வோம். மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் ஏற்றி ஹைதராபாத்தில் இறக்க வேண்டும். வண்டி 10 டயர் லாரி. தூரம் ஏறக்குறைய 1,280 கிலோமீட்டர். தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என்று நான்கு மாநிலம்.

திரும்பி வரும் நாளை வைத்துக் காகிதம் பாருங்கள்

கிளம்பும் அன்றைக்கு எல்லாக் காகிதமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. வண்டி திரும்பி வந்து ஷெட்டில் நிற்கும் நாளிலும் அவை செல்லுபடியாக வேண்டும். போக நான்கு நாள், இறக்க ஒரு நாள், ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருக்க இரண்டு மூன்று நாள், வர நான்கு நாள் என்று வைத்தால் பன்னிரண்டு நாள் ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் எது முடிகிறதோ அதைப் புதுப்பித்துவிட்டுத்தான் லோடு பேச வேண்டும். எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) ஹைதராபாத்தில் முடிந்தால் அங்கே வைத்துப் புதுப்பிப்பது எளிதல்ல. எப்.சி. இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடித்துக்கொள்வதும் அதைத்தான்.

பார்க்க வேண்டியவை: ஆர்.சி. (பதிவுச் சான்று), எப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, சாலை வரி, பெர்மிட், நேஷனல் பெர்மிட் ஆத்தரைசேஷன் (அந்தப் பெர்மிட்டுக்கான வருடாந்தர அனுமதி), டிரைவர் லைசென்ஸ். எப்.சி. எட்டு வருடம் வரையிலான வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் போனால் வருடத்துக்கு ஒருமுறை. லைசென்ஸில் கனரகப் போக்குவரத்து வாகனம் என்ற தகுதி இருக்க வேண்டும், அதன் ஆயுள் ஐந்து வருடம். டிரைவர் புதியவர் என்றால் அட்டையை மட்டும் பார்த்து விடாமல், லைசென்ஸ் எண்ணை மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

டிஜிலாக்கரிலும் எம்பரிவாஹன் செயலியிலும் உள்ள நகல்கள் சட்டப்படி செல்லும். இருந்தாலும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வண்டியில் வைப்பது நல்லது. சிக்னல் இல்லாத இடத்தில் போனை நீட்டிக்கொண்டு நிற்பது டிரைவருக்குத்தான் சங்கடம்.

பெர்மிட் விஷயத்தில் புதியவர்கள் குழம்புவது உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சின்னச் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. அதற்கு மேல் போனால் தேவை. தமிழ்நாட்டுக்குள் ஓட்டும் பெர்மிட்டை வைத்துக்கொண்டு களியக்காவிளையைத் தாண்ட முடியாது, ஓசூரையும் தாண்ட முடியாது. நாடு முழுக்க ஓட நேஷனல் பெர்மிட் வேண்டும். அதற்கு ஒருங்கிணைந்த கட்டணம் வருடத்துக்கு 16,500 ரூபாய், ஆத்தரைசேஷனுக்கு 1,000 ரூபாய். ஆன்லைனிலேயே கட்டலாம். பெர்மிட் ஐந்து வருடத்துக்கு என்றாலும் ஆத்தரைசேஷன் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பெர்மிட் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஆத்தரைசேஷன் முடிந்து மாதமாகியிருக்கும். பெர்மிட் விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் அந்தப் பிரிவில் இடமிருக்கிறது. வண்டியின் வயதையும் பாருங்கள். நேஷனல் பெர்மிட்டுக்குச் சாதாரண லாரி 12 வருடம் வரை, மல்டி ஆக்ஸில், அதாவது மூன்று அச்சோ அதற்கு மேலோ உள்ள வண்டி, 15 வருடம் வரை.

நேஷனல் பெர்மிட் வண்டி வெளிமாநிலம் ஒன்றுக்குள்ளேயே ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கக் கூடாது. ஹைதராபாத்தில் ஏற்றித் திருநெல்வேலியில் இறக்கலாம். ஹைதராபாத்தில் ஏற்றி வாரங்கலில் இறக்கக் கூடாது. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் நிற்கும்போது புரோக்கர் இப்படி ஒரு உள்ளூர் லோடைக் காட்டி ஆசை காட்டுவார். டிரைவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

எடை: ஆர்.சி.யில் தொடங்குங்கள்

எத்தனை டன் ஏற்றலாம் என்பதை வண்டி விற்றவரிடமோ பழைய டிரைவரிடமோ கேட்காதீர்கள். ஆர்.சி.யில் இரண்டு எண் இருக்கும்: மொத்த எடை, வெற்று எடை. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்ஸில் எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்ஸிலுக்கு 11.5 டன், பின்னால் ஜோடியாக இருக்கும் டேண்டம் ஆக்ஸிலுக்கு 21 டன். அதற்கு முன் வாங்கிய வண்டியின் ஆர்.சி.யில் பழைய எண்ணே இருக்கலாம். சோதனையில் செல்லுபடியாவது உங்கள் ஆர்.சி.யில் உள்ள எண்தான்.

நம் உதாரண வண்டியின் மொத்த எடை 28,000 கிலோ, வெற்று எடை 9,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 18,200 வருகிறது. உடனே 18 டன் ஏற்றலாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 300 லிட்டர் டீசல் மட்டும் ஏறக்குறைய 250 கிலோ. டிரைவர், கிளீனர், பெட்டி படுக்கை, அடுப்பு, தண்ணீர் கேன் சேர்ந்து 200 கிலோ. இரண்டு தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, கட்டைகள் 200 கிலோவுக்கு வரும். 17.5 டன்னில் நிறுத்துவதுதான் நிம்மதி. 50 கிலோ ரப்பர் ஷீட் கட்டு என்றால் 350 கட்டு.

டேங்கை நிரப்பி, தார்ப்பாயையும் மேலே போட்டு, காலி வண்டியை ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். அந்தச் சீட்டுதான் உங்கள் உண்மையான வெற்று எடை. பாடியைப் பலப்படுத்துகிறேன் என்று இரும்பு ஆங்கிள் வைத்துக் கட்டிய வண்டிகளில் ஆர்.சி. எடைக்கும் இதற்கும் நல்ல வித்தியாசம் வரும்.

மொத்த எடை சரியாக இருந்தும் மாட்டிக்கொள்வதுண்டு. சுமை பின்பக்கம் குவிந்தால் டேண்டம் ஆக்ஸில் 21 டன்னைத் தாண்டும். முன் ஆக்ஸில் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும். கேபின் பக்கம் குவிந்தால் முன் டயர் சூடேறும், பிரேக் போடும்போது வண்டி மூக்கைக் குத்தும். கனமான சரக்கைப் பின் ஆக்ஸில்களுக்குச் சற்று முன்னால் தொடங்கி இரண்டு பக்கமும் சமமாகப் பரப்புங்கள். லோடுமேன்கள் வழக்கமாகக் கேபின் ஓரத்திலிருந்து உயரமாக அடுக்கிக்கொண்டு வருவார்கள். இத்தனை வரிசை, இத்தனை அடுக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிரித்து அடுக்கும் வேலை மிச்சம்.

"ஒரு டன்தானே கூட, ஏத்திக்கிடுங்க அண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று சரக்கு அனுப்புகிறவர் சொல்வார். கணக்கு இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் அதிக எடைக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மூன்று டன் கூடினால் 26,000. அதோடு கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கச் சொல்லலாம். இறக்கும் கூலி, பாதுகாப்பு, வேறு வண்டி பிடித்து அனுப்பும் செலவு எல்லாம் நம் தலையில். எடை போட மறுத்து ஓட்டிவிட்டால் 40,000. அந்த ஒரு டன்னுக்குக் கிடைத்திருக்கும் வாடகையை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். டயரும் பிரேக் லைனிங்கும் தேய்வது தனி.

கயிற்று நார், சகிரி (தேங்காய் மட்டை நார்) போன்ற சரக்குக்குப் பிரச்சினை தலைகீழ். எடை நிரம்பும் முன் உயரம் நிரம்பிவிடும். சரக்கு வண்டிக்கு அகல வரம்பு 2.6 மீட்டர், உயர வரம்பு 4 மீட்டர். பாடிக்கு வெளியே பக்கவாட்டிலோ பின்னாலோ மேலேயோ வரம்பு மீறித் துருத்தினால் அதற்கும் 20,000 ரூபாய் அபராதம். மழைக்காலத்தில் நார் ஈரம் குடித்து எடை ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இ-வே பில்லும் சரக்குக் காகிதங்களும்

சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இது 2018 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். முதல் பகுதியில் பில் விவரம், இரண்டாம் பகுதியில் வண்டி எண். இரண்டாம் பகுதி நிரப்பாத இ-வே பில்லை வைத்துக்கொண்டு வெளிமாநிலம் கிளம்பக் கூடாது.

சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், மிச்சத் தூரத்துக்கு இன்னொரு நாள். 1,280 கிலோமீட்டர் என்றால் ஏழு நாள். முதல் நாள் என்பது பில் போட்ட மறுநாள் நள்ளிரவில்தான் முடியும். திங்கள்கிழமை மாலை ஆறு மணிக்கு வண்டி எண் போட்டால் முதல் நாள் செவ்வாய் நள்ளிரவில் முடியும். ஏழாம் நாள் அடுத்த திங்கள் நள்ளிரவில் முடியும். நான்கு நாள் ஓட்டத்துக்கு இது தாராளம். ஆனால் சரக்கு ஏறும் முன்பே பில்லைப் போட்டுவிட்டு, லோடுமேன் வரவில்லை என்று இரண்டு நாள் நின்றால் அந்தத் தாராளம் கரைந்துவிடும். வண்டி எடைமேடையை விட்டு இறங்கியபின் எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால், அந்த வண்டி நகரும் முன் இரண்டாம் பகுதியில் புது எண்ணை ஏற்ற வேண்டும். தேதி முடியும் நிலை வந்தால், முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும் நீட்டிக்கலாம். அந்த ஜன்னல் மூடிவிட்டால் சிக்கல்தான். சரக்கு அனுப்பியவர் தூங்கிக்கொண்டிருப்பார், டிரைவர் சோதனையில் நின்றுகொண்டிருப்பார். இ-வே பில் போடும்போதே உங்கள் டிரான்ஸ்போர்ட்டர் ஐடியை (போக்குவரத்துக்காரரின் பதிவு எண்) சேர்த்துவிட்டால் நீங்களே நீட்டிக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத லாரி உரிமையாளரும் அந்த ஐடியை இ-வே பில் தளத்தில் வாங்கலாம்.

மீறினால் என்ன ஆகும்? கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் 17,500 கிலோ ரப்பர் 35 லட்சம். வரி 5 சதவீதம், 1,75,000. ஜி.எஸ்.டி. சட்டம் 129ஆம் பிரிவின்படி அபராதம் வரியைப்போல் இருமடங்கு, 3,50,000. வண்டியை மட்டும் விடுவிக்க வேண்டுமானால் அந்த அபராதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது குறைவோ அதைக் கட்ட வேண்டும். தவறு சரக்கு அனுப்பியவருடையதாக இருந்தாலும் அடைபட்டு நிற்பது உங்கள் லாரி. வண்டி எண்ணில் ஓரிரு எழுத்து மாறிப்போவது போன்ற சின்னப் பிழைக்கு மொத்தம் 1,000 ரூபாயோடு விடச் சொல்லி 2018லேயே சுற்றறிக்கை உண்டு. அதிகாரியிடம் பணிவாக அதை எடுத்துச் சொல்ல டிரைவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

வரி இல்லாத சரக்குக்கு, அதாவது தேங்காய், நேந்திரன் குலை, ஐஸில் வைத்த பச்சை மீன் போன்றவற்றுக்கு, இ-வே பில் தேவைப்படாது. உறையவைத்துப் பாக்கெட் போட்ட மீனுக்கு வரி உண்டு, ஆகவே பில்லும் உண்டு. கல், மணல், எம்-சாண்ட் என்றால் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு தனி. மரம் ஏற்றினால் வனத்துறை அனுமதி தேவைப்படும் வகையா என்று முதலில் விசாரியுங்கள்.

எல்.ஆர். (லாரி ரசீது) இல்லாமல் சரக்கு ஏற்றாதீர்கள். சரக்கின் பெயர், கட்டு எண்ணிக்கை, எடை, மதிப்பு, அனுப்புநர், பெறுநர், வாடகை எல்லாம் அதில் வேண்டும். சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007ன்படி, கூடுதல் மதிப்பை அறிவித்து ஒப்புக்கொள்ளாதவரை, சேதத்துக்குப் போக்குவரத்துக்காரரின் பொறுப்பு வாடகையைப்போல் பத்து மடங்கோடு நிற்கும். ஆகவே வாடகைக் கட்டத்தைக் காலியாக விடுவது இரண்டு தரப்புக்கும் வம்பு. பில்லில் உள்ள எடை, எல்.ஆர். எடை, எடைமேடைச் சீட்டு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பில்லில் 17,500, சீட்டில் 17,860 என்றால் அந்த 360 கிலோவுக்கு யார் பதில் சொல்வது? நம் எடைமேடையை விட்டு இறங்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

நாட்களைப் பிரிப்பது

ஒரு டிரைவர் என்றால் நாளுக்கு எட்டு மணி நேர ஓட்டமே கணக்கு. ஐந்து மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வு. 2025 வரை இருந்த, 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவு இது. நாலுவழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு வேக வரம்பு 80 கிலோமீட்டர், மற்றச் சாலைகளில் 60. அதை வைத்து எட்டு மணி நேரத்தில் 600 கிலோமீட்டர் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஏற்றம், டோல், டீக்கடை, ஊர் நெரிசல் எல்லாம் சேர்த்தால் லோடு வண்டிக்குச் சராசரி 40தான் வரும். ஆக நாளுக்கு 320 கிலோமீட்டர்.

முதல் நாள் மார்த்தாண்டத்திலிருந்து திண்டுக்கல் பக்கம். தக்கலை, நாகர்கோவில் வரையுள்ள இருவழிச் சாலைதான் அன்றைய நாளின் மெதுவான பகுதி. பள்ளிக்கூட நேரத்துக்கு முன்னால் விடியற்காலையில் கடந்துவிடுங்கள். அப்புறம் தோவாளை, ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று தார்ப்பாயின் விளிம்பில் புகுந்து மொத்தத்தையும் பலூன்போல் தூக்கும். இரண்டு தார்ப்பாய் போடும்போது பின்பக்கத்து விரிப்பை முதலில் போட்டு, முன்பக்கத்து விரிப்பை அதன்மேல் இரண்டடி ஏறும்படி போட வேண்டும். அப்போது மடிப்பின் வாய் பின்னோக்கி இருக்கும், காற்று உள்ளே புகாது. மாற்றிப் போட்டால் காற்றும் மழையும் நேராக உள்ளே போகும். முப்பது கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்திக் கயிற்றை மறுபடி இறுக்குவது கட்டாயம். சரக்கு அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும்.

ரப்பருக்கு இன்னொன்று. பாடியில் டீசல், ஆயில் கறை இருந்தால் ஷீட் கெட்டுப்போகும். முந்தின லோடு மீனோ உப்போ என்றால் கழுவிக் காயவைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

இரண்டாம் நாள் கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர். மூன்றாம் நாள் பெங்களூரைத் தாண்டி அனந்தப்பூர், குத்தி பக்கம். நான்காம் நாள் கர்னூல் வழியாக ஹைதராபாத். ஓசூரில் இரவு தங்குவதற்குக் காரணம் உண்டு. பெங்களூர் நகருக்குள் காலை, மாலை நெரிசல் நேரங்களில் கனரக வண்டிக்குத் தடை. நேரத்தை அவ்வூர்ப் போக்குவரத்துப் போலீஸ் அவ்வப்போது மாற்றும். கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூரை அதிகாலையில் விட்டால் நகரின் விளிம்பைத் தடைக்கு முன் கடந்துவிடலாம். தவறினால் சாலை ஓரத்தில் பல மணி நேரம் நிற்க வேண்டும், அன்றைய எட்டு மணி நேரக் கணக்கும் கெடும். ஹைதராபாத்தில் வெளிவட்டச் சாலை இருப்பதால் நகருக்குள் புகாமல் கிடங்குக்குப் போக வழியுண்டு. பெறுநரின் கிடங்கு ஞாயிறு திறந்திருக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புதன்கிழமை கிளம்பினால் சனி மாலை போய்ச் சேர்வீர்கள், திங்கள் வரை நிற்பீர்கள்.

தொப்பூர் கணவாய் போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம். ஆபத்து திரும்பும்போதுதான். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் லாரிகள் அங்கே மோதிய விபத்துகள் எத்தனையோ. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள். அப்போது இன்ஜின் பிடிப்பு போய், சுமை முழுவதும் பிரேக் டிரம்மில் விழும். டிரம் பழுத்துச் சூடானபின் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் லைனிங் பிடிக்காது. எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில் இறக்குங்கள், எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைவழியை அடைத்து இன்ஜினால் வேகத்தைப் பிடிக்கும் பிரேக்) போட்டு வையுங்கள், மிதி பிரேக்கை விட்டு விட்டு மட்டும் தொடுங்கள். இறக்கம் தொடங்கும் முன் கியர் மாற்றியிருக்க வேண்டும். பாதியில் மாற்றப் போனால் கியர் விழாமல் நியூட்ரலிலேயே நிற்கும்.

டீசல், டோல், சில்லறை

லோடு வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்தால் 320 லிட்டர். பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டிக்கு டீசலில் நான்கு சதவீதம் ஆட்புளூ (புகையைச் சுத்திகரிக்கும் யூரியாக் கரைசல்), 13 லிட்டர். அது தீர்ந்தால் இன்ஜின் தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும், ஏற்றத்தில் வண்டி ஊரும்.

பாஸ்டேக் இருப்பு குறைந்தாலோ கறுப்புப் பட்டியலில் விழுந்தாலோ கட்டணம் கூடும். 2025 நவம்பர் 15 முதல் பணமாகக் கட்டினால் இருமடங்கு, யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று விதி வந்தது. வண்டி வகை தவறாகப் பதிவான டேக்கும் சிக்கல் தரும். வழியில் வரும் டோல்களின் மொத்தத்தை ராஜ்மார்க் யாத்ரா செயலியில் பார்த்து, அந்தத் தொகைக்கு மேல் ஆயிரம் இரண்டாயிரம் போட்டுவையுங்கள். நெடுஞ்சாலையில் பழுது, விபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 1033.

வண்டியில் முக்கோண எச்சரிக்கைப் பலகை, வீல் கட்டை, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி இருக்கட்டும். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என ஒளிர் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். இரவில் பழுதாகி நிற்கும் லாரியின் பின்னால் கார் வந்து மோதும் விபத்துகளில் உயிர் போவது, அந்தப் பட்டை சேற்றில் மறைந்திருப்பதாலும் பலகை வைக்காததாலும்தான். தினமும் கிளம்பும்போது பட்டையைத் துடைக்கச் சொல்லுங்கள். ஓய்வுக்கு ஒருபோதும் சாலை ஓரத்தில் நிறுத்தக் கூடாது. பெட்ரோல் பங்க், லாரி நிறுத்தும் இடம், தாபா, இவற்றில் ஒன்றை ஒவ்வொரு இரவுக்கும் முன்னமே குறித்துக் கொடுங்கள்.

ஹைதராபாத்தில் இறக்கியதும் எல்.ஆர். நகலில் பெறுநரின் முத்திரை, கையெழுத்து, தேதி, நேரம், கட்டு எண்ணிக்கை எல்லாம் வாங்க வேண்டும். குறைவு, நனைவு ஏதும் இருந்தால் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். இறக்கும் முன்னும் பின்னும் எடைமேடைச் சீட்டு எடுத்தால் எத்தனை கிலோ இறங்கியது என்பதில் வாக்குவாதம் இருக்காது. சரக்கு இழப்பு, சேதம் பற்றிய நோட்டீஸை அனுப்புநர் 180 நாளுக்குள் கொடுக்கலாம். அதனால் அந்தச் சீட்டுகள், எல்.ஆர்., இ-வே பில் நகல் எல்லாவற்றையும் பயணத்துக்கு ஒரு கவர் என்று போட்டுக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருங்கள். வாடகைப் பாக்கி வாங்கப் போகும்போது லாரி ஆபீஸில் முதலில் கேட்பதும் முத்திரை போட்ட அந்த எல்.ஆர். நகலைத்தான்.